மலர்க்கொடியின் மூக்கு

மலர்க்கொடிக்கு மூக்கு செத்துப்போய் முப்பத்தாறு நாள் ஆகியிருந்தது. அந்தச் சாவுச் செய்தியை அவள் வீட்டுக்கு வெளியே யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் டூட்டி போய்விடும். சொல்லாவிட்டால் யாராவது ஒருவர் எரிந்துபோய்விடலாம். இப்படி ஒரு பயத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எப்படித் தூங்குவாள்? தூங்கவில்லை.

அவளுடைய வேலை என்னவென்று தெரிந்தால்தான் இது விளங்கும். திருச்சியில் ஒரு பெரிய அரசு அலுவலகம். பெயர் வேண்டாம், பாவம். திங்கட்கிழமை தோறும் அங்கே மனு வாங்குவார்கள். பட்டா, பென்ஷன், சாக்கடை, வேலித் தகராறு, மாமியார் கொடுமை, மருமகள் கொடுமை என்று ஐந்நூறு பேர் வருவார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் மனுவோடு மண்ணெண்ணெயும் கொண்டுவந்துவிட்டார். தலையில் ஊற்றிக்கொண்டவரை நல்லவேளை பிடித்துவிட்டார்கள். அடுத்த வாரத்திலிருந்து வாசலில் சோதனை.

ஒரு மெட்டல் டிடெக்டர் கதவு வந்து இறங்கியது. அது சாவிக்குக் கத்தும். கொலுசுக்குக் கத்தும். தயிர்சாதம் இருக்கிற எவர்சில்வர் டப்பாவுக்குக் கத்தும். எல்லாருக்கும் கத்துவதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மண்ணெண்ணெய்க்கு மட்டும் கத்தாது. அதற்குத்தான் ஊர்க்காவல் படையிலிருந்து மலர்க்கொடியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வருகிற ஒவ்வொரு தண்ணீர் பாட்டிலையும் மூடி திறந்து மோந்து பார்ப்பது அவள் வேலை. பின்பக்கம் கேன்டீன் கேட் என்று ஒன்று எப்போதும் திறந்தே கிடக்கும். அங்கே மெஷினும் இல்லை, மூக்கும் இல்லை. ஒரு நாய் மட்டும் உண்டு, அதுவும் படுத்துதான் இருக்கும்.

ஆனால் மலர்க்கொடியின் மூக்கு சாதாரண மூக்கில்லை. முக்கொம்புப் பக்கத்து ஊரில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் புருஷன் பிச்சை காந்தி மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். ஏலக்காய் மென்று, கொய்யா இலை மென்று, குளித்து முழுகி விபூதி பூசி வந்தாலும், வாசல்படி ஏறுவதற்குள் எந்தக் கடையில் எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். வாசலில் நிற்க ஆரம்பித்த இரண்டாவது மாசமே, அரிசிப் பைக்கு அடியில் ரெண்டு பிளாஸ்டிக் கவர் சுற்றி வைத்திருந்த ஒரு பாட்டிலைப் பை திறக்காமலே பிடித்துவிட்டாள். அன்றிலிருந்து போலீஸ்காரர்கள் நடுவில் 'மலரக்கா மூக்கு' என்றால் தனி மரியாதை. அப்புறம் ஒரு பாட்டிலும் சிக்கவில்லை. அவள் மூக்குக்குப் பயந்துதான் யாரும் கொண்டுவருவதில்லை என்றார்கள். இருக்கலாம். கொண்டுவர யாருக்கும் தோன்றாமலும் இருந்திருக்கலாம். இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

தை மாசம் ஒரு வாரம் காய்ச்சல். காய்ச்சல் போனபோது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அடுப்படியில் நின்றுகொண்டே பாலைத் தீயவிட்டாள். பிச்சை பாத்ரூமிலிருந்து சோப்பு நுரையோடு ஓடிவந்தான்.

"என்னடி, வீடு முழுக்கக் கருகிப்போன நாத்தம். பக்கத்துலயே நிக்கிற?"

"நாத்தமா? என்ன நாத்தம்?"

பிச்சை அடுப்பை அணைத்துவிட்டு அவள் கண்ணைப் பொத்தினான். மூக்குக்கு நேராக எதையோ நீட்டினான்.

"இது என்ன சொல்லு."

"கர்ப்பூரமா?"

"வெங்காயம்டி."

அடுத்தது கர்ப்பூரம். அதற்கு அவள் "ஒண்ணுமே இல்லையே, வெறுங்கையா?" என்றாள். பிச்சைக்கு முதலில் சந்தோஷம்தான். இனிமேல் ஏலக்காய் செலவு மிச்சம் என்று சிரித்தான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

"திங்கக்கிழமை என்னடி பண்ணுவ?"

மூக்கு டாக்டர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "ஆறு மாசத்துல வரலாம், வராமலும் போகலாம்" என்றார். பஸ் ஸ்டாண்டு விசாரணைக் கவுன்ட்டரில்கூட இதைவிடத் தெளிவாகச் சொல்வார்கள்.

மலர்க்கொடி ஒரு வழி கண்டுபிடித்தாள். பாட்டிலை வாங்குவாள், மூடியைத் திறந்து மூக்குக்கிட்டே கொண்டுபோவாள், பழக்கதோஷத்துக்கு ஒரு மூச்சு இழுப்பாள். பிறகு திருப்பிக் கொடுத்து, "ஒரு வாய் குடிங்க" என்பாள். குடித்தால் தண்ணீர். குடிக்காவிட்டால் வேறு. சுலபமான கணக்கு.

நாலு திங்கட்கிழமை இது ஓடியது. லால்குடிக்காரர் ஒருவர் முழு பாட்டிலையும் குடித்துவிட்டு, "இன்னும் ஏதாச்சும் குடிக்கணுங்களா?" என்று கேட்டார். இன்னொரு ஆள் சந்தோஷமாக நாலு மடக்கு குடித்துவிட்டு உள்ளே போனார். பத்து நிமிஷத்தில் அதிகாரி மேஜைக்கு முன்னால் நின்று அவர் பாட ஆரம்பித்துவிட்டார். தூக்கிக்கொண்டு வந்த கான்ஸ்டபிள் ஹரிஹரசுதனுக்கே தலை சுற்றியது.

"அக்கா, பாட்டில் பூரா பிராந்திக்கா. பக்கத்துல போனாலே ஏறுது. எப்படிக்கா விட்டீங்க?"

"சீமெண்ணெய்யத்தானே பிடிக்கச் சொன்னாங்க? பிராந்தியப் பிடிக்கச் சொல்லலையே."

எல்லாரும் சிரித்தார்கள். மலர்க்கொடியும் சிரித்தாள். ஆனால் கையிலிருந்த மூடி வழுக்கிக் கீழே விழுந்தது. அன்றைக்கெல்லாம் உள்ளே ஒரு நாற்காலி விழுந்தால்கூட வாசலை விட்டு எட்டிப் பார்த்தாள். யாராவது உரக்கக் கூப்பிட்டால் முதலில் மேலே பார்த்தாள், புகை தெரிகிறதா என்று. சாயங்காலம் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் உட்கார்ந்து காவிரிப் பாலம் தாண்டிய பிறகுதான் மூச்சு சீராகும். செவ்வாய், புதன், வியாழன் ஒருமாதிரி ஓடும். வெள்ளிக்கிழமை மறுபடி பயம் ஆரம்பிக்கும்.

ஐந்தாவது திங்கட்கிழமை ரம்ஜான் மாசத்தில் வந்தது. மலர்க்கொடியின் கணக்கில் நோன்பு இல்லை. அவள் யோசிக்கவே இல்லை.

பன்னிரண்டேகால் மணி. வரிசையில் ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயசு இருக்கும். வெள்ளைத் தொப்பி, கண்ணாடி, கக்கத்தில் ஒரு ஃபைல், கையில் ஒரு பச்சைக் கலர் கூல்டிரிங்ஸ் பாட்டில். பாட்டில் பச்சையாக இருந்ததால் உள்ளே இருப்பது வெள்ளைத் தண்ணீரா நீல மண்ணெண்ணெயா என்று தெரியவில்லை.

மலர்க்கொடி மூடியைத் திறந்தாள். இழுத்தாள். காற்று வந்தது. காற்று மட்டும்.

"ஒரு வாய் குடிங்க பாய்."

"நோன்புமா."

"சும்மா ஒரு சொட்டு."

"நோன்புன்னு சொல்றேனேம்மா. ஒரு சொட்டும் கூடாது."

பின்னால் இருந்த ஆள், "மோந்து பார்த்துட்டு விடுங்கம்மா, மணி ஆகுது" என்றான். ஹரிஹரசுதன் அவளையே பார்த்தான். இத்தனை வருஷம் மோந்து சொன்னவள் இப்போது நோன்புக்காரரைக்கூட எதற்குக் குடிக்கச் சொல்கிறாள் என்று அவன் கேட்டுவிட்டால்? மலர்க்கொடி பாட்டிலை மறுபடி மூக்குக்குக் கொண்டுபோனாள். தலையை ஆட்டினாள்.

"சரி, போங்க."

பெரியவர் மூடியைத் திருகிக்கொண்டே, "பதினோராவது தடவைமா. இதுதான் கடைசி. இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மெஷின் அவருக்கும் ஒரு கத்து கத்தியது.

அடுத்த பாட்டில், அதற்கடுத்த பாட்டில். மூன்றாவது பாட்டிலைக் கையில் வாங்கியபோதுதான் மலர்க்கொடிக்கு உறைத்தது. நோன்பு பிடித்தவருக்குத் தண்ணீர் பாட்டில் எதற்கு? ஒரு சொட்டும் குடிக்கக் கூடாதவர் ஒரு லிட்டரை எதற்குச் சுமந்துகொண்டு வந்தார்? இதுதான் கடைசி என்று ஏன் சொன்னார்?

கையில் ரெண்டு சொட்டு ஊற்றித் தேய்த்துப் பார்த்திருந்தால் போதும். எண்ணெய் என்றால் பிசுபிசுக்கும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தோன்றுகிற யோசனை, அவளுக்கு ஐந்து வாரம் கழித்து, ஆளை உள்ளே விட்ட பிறகு தோன்றியது. பயம் முதலில் தின்பது மூளையைத்தான்.

"ஹரி, செத்த பார்த்துக்க" என்று ஓடினாள்.

மனு வாங்கும் ஹாலில் நானூறு தலை. வெள்ளைத் தொப்பி ஒன்றும் இல்லை. மாடிப்படியில் இல்லை. வராந்தாவில் இல்லை. "பச்சை பாட்டிலோட ஒரு பாய் வந்தாரா?" என்று கேட்டால் எல்லாரும் தங்கள் மனுவை அவளிடம் நீட்டினார்கள். கடைசியில் ஒரு பியூன், "பின்னாடி போனாரு" என்று கை காட்டினார்.

பின்னால் பறிமுதல் செய்த பழைய பைக்குகள் துருப்பிடித்துக் கிடக்கிற இடம். ஆள் நடமாட்டம் இல்லை. அங்கே ஒரு கல்மேல் அவர் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றி வைத்திருந்தார். தொப்பி மடியில். ஃபைல் பக்கத்தில். பச்சைப் பாட்டிலைச் சாய்த்து உள்ளங்கையில் ஊற்றி முகத்தில் பூசினார். மறுபடி ஊற்றினார், தலைக்குக் கையைக் கொண்டுபோனார்.

"பாய்! வேணாம்! வேணாம்!"

அந்தக் கத்தலில் அலுவலகம் முழுக்க எழுந்துகொண்டது. மலர்க்கொடி பாய்ந்து பாட்டிலைத் தட்டிவிட்டாள். பெரியவர் கல்லிலிருந்து சரிந்தார். கண்ணாடி எங்கேயோ போய் விழுந்து உடைந்தது. நாலு போலீஸ்காரர்கள் ஓடிவந்தார்கள். இப்படி ஒரு நாளுக்காக நாலு வருஷமாகச் சும்மா தொங்கிக்கொண்டிருந்த சிவப்பு வாளிகளுக்கு அன்றைக்குத்தான் வேலை வந்தது. ஒருவர் மணலைக் கொட்டினார். ஒருவர் தண்ணீரைக் கொட்டினார். இன்னொருவர் ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினார். ஃபைல் அந்தச் சேற்றில் மிதந்தது. சாக்குக்கு அடியிலிருந்து, "யா அல்லாஹ், என்னய்யா பண்றீங்க? தொழுகைக்கு முன்னாடி கை, முகம் கழுவி ஒளு செய்யறேன்யா. உள்ள குழாயில தண்ணி வரலய்யா" என்று குரல் வந்தது.

ஹரிஹரசுதன் பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தான். தரையில் குனிந்து மோந்து பார்த்தான்.

"அக்கா, தண்ணிக்கா."

மலர்க்கொடி உயிர் திரும்பி வந்தவள் போல் மூச்சு விட்டாள். ஆனால் கதை அங்கே முடியவில்லை, அங்கேதான் மாட்டிக்கொண்டது.

வாசல் பக்கத்து போலீஸ் அறையில் பெரியவரை உட்கார வைத்தார்கள். தாடியிலிருந்து சேறு சொட்டியது. இன்ஸ்பெக்டர் பிரேமலதா பேனாவை எடுத்தார்.

"பேரு?"

"பரக்கத் அலி. பாலக்கரை."

"எதுக்கு ஒளிஞ்சுபோய்ப் பின்னாடி உட்கார்ந்தீங்க?"

"தொழுகைக்கு யாரும் நடு ஹால்ல கால் கழுவ மாட்டாங்கம்மா."

ஹரிஹரசுதன் மெதுவாகச் சொன்னான்: "மேடம், மலரக்கா சும்மா ஓடிருக்காது. அந்த மூக்கு தப்பா சொல்லாது. பாட்டில்ல வேற ஏதாச்சும் கொஞ்சமா கலந்திருக்கும். மண்ணுல ஊறிருக்கும். ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய் விசாரிச்சா..."

பிரேமலதா மலர்க்கொடியைப் பார்த்தார். "என்ன மோந்த மலர்? அத அப்படியே சொல்லு, எழுதிக்கிறேன்."

ஒரு வார்த்தை போதும். 'லேசா வாடை வந்துச்சு மேடம்' என்றால் அவள் மூக்கு பிழைத்துக்கொள்ளும், டூட்டி பிழைத்துக்கொள்ளும். இந்தப் பெரியவர் மட்டும் நோன்போடு ஜீப்பில் ஏறுவார். அப்புறம் எத்தனை நாளைக்கு எந்தெந்த வாசலில் நிற்பாரோ. கண்ணாடி இல்லாத கண்ணால் பெரியவர் அவள் இருக்கிற திசையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் மோக்கல மேடம்" என்றாள். "எனக்கு வாசனை தெரியாது. முப்பத்தாறு நாளா தெரியாது. நடிச்சிட்டு நிக்கிறேன். அவரு பாட்டில்ல என்ன இருக்குன்னு தெரியாமதான் உள்ள விட்டேன். தெரியாமதான் பயந்து ஓடினேன். அவரு மேல ஒரு தப்பும் இல்ல."

முதலில் பேசியது பரக்கத் அலிதான்.

"அப்போ இத்தன நாளா இந்த கேட்டுல என்னதான்மா பார்த்துட்டு இருந்தீங்க?"

அவர் நனைந்த ஃபைலைப் பிரித்து மேஜையில் வைத்தார். எழுத்தெல்லாம் ஊதாவாக ஓடிப்போயிருந்தது. ஏதோ ஒரு பதிவேட்டில் அவர் இறந்துவிட்டதாக எழுதியிருக்கிறார்களாம். உயிரோடுதான் இருக்கிறேன் என்று சொல்லத்தான் பதினோரு தடவை வந்தாராம். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிரேமலதா எழுந்து போய் அந்த மனுவைத் தன் கையாலேயே புதிதாக எழுதினார். ஹரிஹரசுதனை அனுப்பி உள்ளே நேராகக் கொடுக்க வைத்தார். பெரியவரைத் தன் ஜீப்பிலேயே பாலக்கரைக்கு அனுப்பினார். கெட்டவர் இல்லை அவர். ஆனால் மலர்க்கொடியிடம் திரும்பியபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"என் வீட்டுக்காரருக்கு."

"அவரோட நிக்கட்டும். நீ போய் கேட்டுல நில்லு."

மலர்க்கொடிக்கு விளங்கவில்லை. "மேடம், நான்தான் சொன்னேனே, எனக்கு..."

"கேட்டேன். உன் மூக்கு வேலை செய்யுதான்னு வர்றவனுக்குத் தெரியாதுல்ல? நீ மூக்குக்கிட்ட கொண்டுபோறதுதான் அவனுக்குப் பயம். நீ நின்னா போதும்."

"பயப்படாதவங்க ஒருத்தர் கொண்டுவந்துட்டா?"

"வரமாட்டாங்க."

"வந்துட்டா மேடம்?"

பிரேமலதா ஜன்னலைப் பார்த்தார். வெளியே வரிசை வளைந்து ரோடு வரைக்கும் நின்றது. "போ மலர்" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் மலர்க்கொடிக்கு முன்னைவிடப் பயமாக இருந்தது. இத்தனை நாளும் தன் ஒருத்தி மூக்குதான் செத்துப்போனது என்று நினைத்திருந்தாள். தனக்கு மேலே யாரிடமாவது ஒரு மூக்கு இருக்கும் என்று நம்பியிருந்தாள்.

வாசலுக்கு வந்தாள். முதலில் நின்ற பெண் இடுப்பில் குழந்தையோடு ஒரு பாட்டிலை நீட்டினாள். மலர்க்கொடி மூடியைத் திறந்தாள். மூக்குக்குக் கொண்டுபோகவில்லை.

"எல்லாரும் கேளுங்க" என்று உரக்கச் சொன்னாள். "எனக்கு வாசனை தெரியாது. உங்களுக்குத் தெரியும். அவங்கவங்க பாட்டில பின்னாடி நிக்கிறவங்ககிட்ட குடுங்க. மோந்து பார்த்துச் சொல்லுங்க."

"அக்கா!" என்று ஹரிஹரசுதன் பல்லைக் கடித்தான். "மேடம் என்னக்கா சொன்னாங்க, நீங்க என்னக்கா பண்றீங்க?"

வரிசை முழிக்க ஆரம்பித்தது. "நல்ல மூக்கா ஒண்ணு வாங்கிப் போடச் சொல்லி ஒரு மனு குடுங்கம்மா" என்று யாரோ கத்தினார். சிரிப்பு எழுந்தது. அப்புறம் ஒரு விவசாயி முன்னாலிருந்தவர் பாட்டிலை வாங்கி ரொம்பப் பொறுப்பாக மூக்கை உள்ளே விட்டார். "சீரகத் தண்ணி. போகட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார். அவ்வளவுதான், வரிசை முழுக்க மூடி திறக்கிற சத்தம். ஒருவர் பாட்டிலை ஒருவர் வாங்கும்போது எந்த ஊர், என்ன மனு என்ற பேச்சும் கூடவே கைமாறியது. அரை மணி நேரத்தில் பாதி வரிசை நகர்ந்தது.

அப்போதுதான் அந்த விவசாயி மதில் சுவரைக் காட்டினார். "இது யாருதுங்க?"

சுவர் ஓரத்தில் ஒரு பாட்டில் தனியாக நின்றது. மேலே ஒரு துணி சுற்றியிருந்தது. ஹரிஹரசுதன் எடுத்துத் திறந்தான். மலர்க்கொடி அவன் முகத்தையே பார்த்தாள். மூக்கைச் சட்டென்று இழுத்துக்கொண்டான்.

"அக்கா... சீமெண்ணெய்க்கா."

"மஞ்ச சேலை கட்டின பொம்பளைங்க" என்றார் விவசாயி. "எனக்குப் பின்னாடிதான் நின்னுச்சு. மோந்து பார்க்கணும்னு நீங்க சொன்னதும் நழுவிப் போயிடுச்சு."

ஹரிஹரசுதன் பெருமூச்சு விட்டான். "போனது போகட்டும்க்கா. உள்ள வரல. நம்ம கேட்டு தப்பிச்சுது."

கேட்டு தப்பித்தது. கட்டடம் தப்பித்தது. மலர்க்கொடிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பாட்டிலை வைத்துவிட்டுப் போனவள் இன்னொரு பாட்டில் வாங்க எவ்வளவு நேரம் ஆகும்? வீட்டில் யார் மோந்து பார்ப்பார்கள்? ஹரி கூப்பிடக் கூப்பிட அவள் கேட்டைத் தாண்டி ஓடினாள்.

பஸ் ஸ்டாப்பில் மஞ்சள் சேலை. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பஸ் வந்தது, போனது. அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. அடுத்த பஸ்ஸும் போனது. முப்பது வயசுகூட இருக்காது. கையில் சுருட்டின ஒரு காகிதம்.

மலர்க்கொடி மூச்சு வாங்கிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள். காக்கியைப் பார்த்ததும் அந்தப் பெண் ஒதுங்கினாள்.

"பிடிக்க வரல. பயப்படாத. எந்த பஸ்ஸுக்கு நிக்கிற?"

"தெரியலக்கா."

"பேரு?"

"மாரியாயி."

மூன்றாவது பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஏறுறீங்களா, சும்மா உட்கார்ந்திருக்கீங்களா?" என்றார்.

"நீங்க போங்கண்ணே" என்றாள் மலர்க்கொடி. பிறகு மாரியாயியிடம் திரும்பி, "இது மனுவா? என்ன எழுதியிருக்க?" என்றாள்.

"நான் எழுதலக்கா. எழுதிக் குடுத்தாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. மூணு தடவை குடுத்தேன். அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கு யாரும் படிச்சுக் காட்டினதே இல்ல."

கேட்டிலிருந்து விசில் சத்தம் வந்தது. மலர்க்கொடி எழுந்திருக்கவில்லை. காகிதத்தை வாங்கி மடியில் வைத்து நீவினாள். விரலை வரியின்மேல் வைத்து, முதல் எழுத்திலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.